காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்: முழுதாகக் கேட்டபோது

மொன்றியல் நகரத்து காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவின் இசை, உங்களில் பலருக்கு நேர்ந்ததைப் போலவே, எனக்கும் '28 டேஸ் லேட்டர்' திரைப்படத்தின் வழியாகத்தான் முதலில் காதில் விழுந்தது. ஆளரவமற்ற லண்டன் தெருக்களில் நாயகன் தனியே நடந்து செல்லும் காட்சியில் ஒலிப்பது, அவர்களுடைய 'ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ்' என்ற இசைக்கோவையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு பகுதி. படத்தில் அது அச்சமூட்டும் பின்னணியாக மட்டுமே எனக்குப் பட்டது. ஏறக்குறைய 18 நிமிடம் நீளும் முழு வடிவத்தை ஹட்டனில் நண்பரின் வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான், அது அச்சத்தைவிடத் துக்கத்துக்கே நெருக்கமானது என்பது விளங்கியது. தெருவோரப் பிரசங்கி ஒருவரின் கூச்சலோடு தொடங்கி, பின்னர் கிட்டாரின் சிறியதொரு சுரவரிசை திரும்பத் திரும்ப வர, அதன்மேல் வயலினும் செலோவும் ட்ரம்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அன்று எங்களோடு இருந்த நண்பரின் மாமா, காமன் கூத்துக்குத் தப்படிப்பவர். வாசற்படியில் அமர்ந்து இறுதிவரை கேட்டுவிட்டு, "அவசரமே இல்ல தம்பி, ஆனா விட்டுக்குடுக்கவும் இல்ல" என்றார். இந்தக் குழுவைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனமும் இவ்வளவு கச்சிதமாக அமையவில்லை. கூத்திலும் ஒரே அடியை நெடுநேரம் பிடித்து வைத்திருந்து, ஆடுபவரின் கால் அதில் ஊறிய பிறகே வேகத்தைக் கூட்டுவார்கள்.

1994இல் எஃப்ரிம் மெனுக், மைக் மோயா, மௌரோ பெசெண்டே ஆகிய மூவரோடு தொடங்கிய குழு இது. 1976இல் வெளிவந்த, மோட்டார் சைக்கிள் கும்பலொன்றைப் பற்றிய ஜப்பானிய ஆவணப்படத்தின் தலைப்பையே தங்களுக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பின்னர் மூன்று கிட்டார், இரண்டு பேஸ் கிட்டார், இரண்டு ட்ரம்ஸ், வயலின், செலோ என ஒன்பது பேராக விரிந்தது. பாடகர் கிடையாது, மனிதக் குரல் வேண்டிய இடத்தில், யாரோ பேசியதைப் பதிவுசெய்து இசைக்குள் வைத்துவிடுகிறார்கள். மேடையில் அவர்களுக்குப் பின்னால் 16 மில்லிமீட்டர் படச்சுருள்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

1997இல் வந்த முதல் இசைத்தட்டின் உறைக்குள், புகையிரதச் சில்லில் நசுங்கிய ஒரு சத நாணயம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். (கொட்டகலைப் பக்கம் தண்டவாளத்தில் காசு வைத்து விளையாடியவர்களுக்கு அதன் வடிவத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.) தட்டின் இறுதியில் ஊசி ஒரே வட்டத்துக்குள் சிக்கிச் சுழலும்படி வரி வெட்டப்பட்டிருப்பதால், நாமாக எழுந்து ஊசியைத் தூக்கும்வரை இசை முடிவதில்லை. இதை விளம்பர உத்தி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கோ, அவர்கள் எல்லாப் படைப்பிலும் கேட்பவரிடம் எதிர்பார்க்கும் பொறுமையையே இந்தத் தட்டும் கேட்கிறது என்று தோன்றுகிறது.

2003இல் ஓய்ந்து 2010இல் மீண்டும் கூடிய பின்னர் வந்த படைப்புகளில் ரீங்காரம் தடித்துவிட்டது. எனக்கு முந்தியவையே பிடிக்கும். புதிதாகக் கேட்பவர்கள் 2000ஆம் ஆண்டின் 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் அன்டெனாஸ் டு ஹெவன்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். இரண்டு தட்டுகள், நான்கே கோவைகள், 87 நிமிடம். மின்வெட்டு இல்லாத மாலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.