மறு: ஏரோசால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், தமிழ்ல எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். காத்துல மிதக்கிற துகள்ல என்னென்ன ரசாயனம் இருக்குன்னு உடனுக்குடன் அளக்கிற கருவி பத்தி ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன், நாளைக்கு அனுப்பியாகணும். தலைப்புலயே மாட்டிக்கிட்டேன். "காற்றுத்துகள் நிறை நிறமாலைமானி" சரிவருமா?

---

> காற்றுத்துகள்

துகள்னா பொடி, தூசு. ஏரோசால்ல கந்தக அமிலத் துளியும் மிதக்குதே, அத எங்க கொண்டுபோய் வைக்கறது? தவிர ஏரோசால்ங்கறது காத்தும் அதுல மிதக்கறதும் சேர்ந்த மொத்தம். "கலந்த மயக்கம்"னு தொல்காப்பியம் சொல்லுதே, அங்க மயக்கம்னா கலப்பு. வளிமயக்கம்னே வைக்கலாம்.

---

ஐயா, வளிமயக்கமானின்னு போட்டா பிள்ளைங்க தலைசுத்தல அளக்கற கருவின்னு நினைச்சுக்கும் :)

---

> நிறை

எங்கட பள்ளிக்கூடத்தில மாஸுக்குத் திணிவு எண்டுதான் படிச்சனாங்கள். நிறை எண்டால் எங்களுக்கு வெயிட், நீங்கள் எடை எண்டு சொல்லுறது. ஸ்பெக்ட்ரத்துக்குத் திருசியம் எண்டு சொல்லுவம், திணிவுத் திருசியமானி எண்டு போட்டால் குழப்பமில்லை.

---

திணிவு நல்ல சொல், எடுத்துக்கலாம். திருசியம் வடசொல், ஒத்துக்கமாட்டேன்.

---

எனக்கு உறுத்தறது நிறமாலைதான், இதுல நிறம் எங்க இருக்கு? துகள்கள ஒரு லென்ஸ் மாதிரி குழாய் வழியா ஒரே கத்தையா குவிச்சு வெற்றிடத்துக்குள்ள விடுது, சுமார் 600 டிகிரி செல்சியஸ்ல இருக்கிற பரப்புல மோதி ஆவியாகுது, அந்த ஆவிய 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களால அடிச்சு அயனியாக்கி நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரிக்குது, அவ்வளவுதான். "நிரல்மாலை"ன்னு வெச்சா வரிசைங்கற பொருளாவது வரும்.

இன்னொண்ணு, பேர விட இது முக்கியம். இந்தக் கருவில வழக்கமா தெரியறது சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், குளோரைடு, கரிமப் பொருள் இதுங்கதான். புகைக்கரியும் மண்தூசியும் அந்தச் சூட்டுக்கு ஆவியாகாது. "எல்லா ரசாயனமும்"னு பாடத்துல இருந்தா திருத்திடுங்க.

---

நிரல்னா இப்ப பசங்களுக்கு புரோகிராம்தான்!

---

அந்த "எல்லா" நிஜமாவே இருந்துச்சு, எடுத்துட்டேன், நன்றி. பெரும்பாலானவங்க பக்கம் பாத்து காற்றுத்துகள் நிறை நிறமாலைமானின்னே வெச்சு, திணிவ அடிக்குறிப்புல போட்டு, துகள்னா துளியும் சேர்த்திதான்னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டேன்.

---

அடிக்குறிப்பிலயோ? பிறகு எங்கட பிள்ளையள் தலைப்பைப் பார்த்திட்டு தராசு எண்டெல்லோ நினைப்பினம்.

---

துளிக்கு ஒரு வரி போதாது. வளிமயக்கத்துக்கு இன்னும் ரெண்டு சான்று இருக்கு, ராத்திரி எழுதறேன்.