மறு: சைகை மொழிக்கு ‘ஒலியன்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சைகை மொழிப் பாடத்துக்கான நம் கலைச்சொல் பட்டியலில், பொருளை வேறுபடுத்தும் மிகச்சிறிய அலகுக்கு (ஆங்கிலத்தில் ‘ஃபோனீம்’), பேச்சு மொழிக்கு வழங்கும் ஒலியன் என்றே இருக்கட்டும் என்ற ஐயாவின் வாதத்தில் நியாயம் உண்டு. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்தபோது, இந்த அலகுக்கு ‘கை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கெரீம்’ என்று தனிப்பெயர் வைத்தார். அது நிலைக்கவில்லை; இன்று ஆய்வாளர்கள் ‘ஃபோனீம்’ என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு, ‘ஃபோனீம்’ என்பதில் ஒலியைக் குறிக்கும் கிரேக்க வேர் இருப்பது உறைப்பதில்லை. தமிழில் ‘ஒலி’ பச்சையாக முன்னால் நிற்கிறது. காது கேளாதோர் மொழியைப் பற்றிய பாடத்தில் வரிக்கு வரி ஒலியன் வந்தால் படிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

ஒலியனுக்கு மாற்றாக ‘கையன்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. பழம்பாடல்களில் கையர் என்பது வசவு. அதைவிட, வேலை செய்வது கை மட்டுமல்ல. அமெரிக்க சைகை மொழியில் ஐந்து விரலையும் விரித்துக் கட்டைவிரலால் மோவாயைத் தொட்டால் அம்மா. அதே கை நெற்றிக்குப் போனால் அப்பா. கைவடிவம் ஒன்றே, இடம்தான் பொருளை மாற்றுகிறது. ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்வியைப் புருவம் உயர்ந்து காட்டிக்கொடுக்கும். அசைவை வைத்து ‘அசையன்’ என்றால், அசை செய்யுள் உறுப்பாயிற்றே என்று யாப்பு வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேண்டாம்.

என் பரிந்துரை ‘மெய்யன்’. மெய் என்றால் உடம்பு. கை, முகம், தோள் எல்லாம் அதில் அடங்கும். உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைக் குறிக்கும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு நமக்குப் பழகிய சொல். ஒலியன், உருபன் (பொருள் தரும் மிகச்சிறிய அலகு), மெய்யன் என்று வரிசையும் அமைகிறது. மெய்யெழுத்தோடு குழம்பாதா என்பீர்கள். சைகை மொழிப் பாடத்தில் எழுத்துக்கு வேலை குறைவு, சமாளிக்கலாம்.

அப்புறம், இரு கை சைகைகள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் இரண்டு இளைஞர்கள் நின்றபடியே சைகையில் பேசிவருவதைப் பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு கை கம்பியை விடாது. இரு கையும் ஒரே வடிவத்தில் ஒரே மாதிரி அசையும் சைகைகளை ஒற்றைக் கையாலேயே முடித்தார்கள். எதிரில் இருந்தவருக்குப் புரிந்தது. ஒரு கை தளமாக நிற்க, மற்றது அதன்மேல் இயங்கும் சைகை வந்தபோதோ, ஒருவர் முழங்காலை இருக்கையில் அண்டக்கொடுத்துக் கம்பியை விட்டுவிட்டார். இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்: ‘இணைக்கைச் சைகை’, ‘தளக்கைச் சைகை’ எனலாமா? சிலப்பதிகார உரையில் ஒற்றைக் கைக்குப் பிண்டி, இரட்டைக் கைக்குப் பிணையல் என்று வருகிறது. அழகுதான், ஆனால் நாட்டிய வாடை தூக்கல்.

கைவடிவம், இடம், அசைவு, உள்ளங்கை நோக்கு (உள்ளங்கை எப்பக்கம் பார்க்கிறது என்பது) ஆகிய சைகைக் கூறுகளின் பெயர்கள் நான்கிலும் யாருக்கும் மறுப்பில்லை. சரி, அவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். மெய்யனுக்கு ஆட்சேபம் இருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.