கேம் மாற்றிய 350 எஞ்சினுக்கு எந்த ஸ்டால் கன்வெர்ட்டர் சரி?

எழுபது செவெல்:
என்னிடம் இருப்பது 1970 செவெல். 350 எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் விகிதம் 3.08, டயர் உயரம் 26 அங்குலம். போன மாதம் கேமை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, மாற்றினேன் (0.050 அங்குல லிஃப்டில் 224/230 டிகிரி). டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது) மட்டும் கம்பெனியிலிருந்து வந்த பழையதுதான். நியூட்ரலில் 850 ஆர்பிஎம்மில் அழகாக உறுமுகிறது. டிரைவில் போட்டதும் 550-க்கு இறங்கி, ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கிற காரே தெரியாத அளவுக்கு நடுக்கம். சிக்னலில் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப் போகிறது. இரண்டு தடவை அணைந்தும் விட்டது. நண்பர் ஒருவர், "3500 ஸ்டால் போடு, பறக்கும்" என்கிறார் (சக்கரத்தை நகரவிடாமல் முழுசாக மிதித்தால் எஞ்சின் 3,500 ஆர்பிஎம் வரை ஏறி நிற்கும் கன்வெர்ட்டர்). நான் ரேஸ் டிராக் பக்கமே போகாதவன். வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு எடுக்கிறேன், பாதித் தூரம் நெடுஞ்சாலை. எதை வாங்கலாம்?

கருகிய ஆயில்:
3500 வேண்டாம். அதே தப்பைச் செய்தவன் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 65 மைலில் உங்கள் காரின் எஞ்சின் எவ்வளவு சுற்றும்? 65-ஐ 3.08-ஆல் பெருக்கி, அதை 336-ஆல் (மைலையும் அங்குலத்தையும் ஆர்பிஎம்மாக மாற்றும் எண்) பெருக்கி, 26-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 2,590. நெடுஞ்சாலையில் நீங்கள் இருக்கப்போகும் இடம் அதுதான். 3500 கன்வெர்ட்டர் அந்த வேகத்தில் முழுசாக வழுக்காது, மெதுவாக மிதிக்கும்போது ஓரளவு பிடிக்கத்தான் செய்யும். ஆனால் லேசான மேடு வந்தாலே வழுக்க ஆரம்பிக்கும். வழுக்குவதெல்லாம் சூடாகத்தான் மாறும், வேறு எங்கே போகும்?

நான் மாட்டியது 2.73 ஆக்ஸில் உள்ள காரில். மிதித்தால் முதலில் சத்தம் போகும், அப்புறம்தான் கார் போகும். ஒரு கோடை முடிந்து டிப்ஸ்டிக்கை இழுத்துத் துணியில் துடைத்தேன். சிவப்பாக இருந்த ஆயில் பழுப்பாகி, கருகிய வாசனை. கூலரும் போடவில்லை, அது என் கஞ்சத்தனம்.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டால் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எஞ்சின் தரும் டார்க்கைப் பொறுத்து அது மாறும். பெரிய 454 எஞ்சினுக்குப் பின்னால் 3000 காட்டும் கன்வெர்ட்டர் உங்கள் 350-க்குப் பின்னால் அதைவிடக் கீழேதான் நிற்கும். அதனால் கன்வெர்ட்டர் செய்பவரிடம் எண்ணைச் சொல்லாமல் காரின் எடை, ஆக்ஸில், டயர், கேம் கார்டு (கேமோடு வரும் அளவுச் சீட்டு) எல்லாவற்றையும் கொடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் எஞ்சினில் 2,200 முதல் 2,500 வரை வருகிற ஒன்று போதும். கூடவே தனி ஆயில் கூலர். அதில் பேரமே கிடையாது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை: டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் (வேக்யூமை வைத்துத் தீப்பொறியை முன்கூட்டுவது) எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கார்புரேட்டரின் போர்ட்டட் முனையில் (ஐடிலில் வேக்யூம் வராத முனை) இருந்தால் ஐடிலிலும் வேக்யூம் வரும் மேனிஃபோல்டு வேக்யூமுக்கு மாற்றி, ஐடிலைத் திரும்ப வையுங்கள். பெரிய கேமுக்குப் பாதி நடுக்கம் அதிலேயே அடங்குவதுண்டு.

நாலாவது கியர்:
ஆக்ஸிலை 3.55-க்கு மாற்றி 700ஆர்4 (நாலு கியர் ஆட்டோமேட்டிக்) போடலாமே? கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப் இருக்கிறது, 0.70 ஓவர்டிரைவில் அதே 65-க்கு 2,100-ஐ ஒட்டித்தான் ஓடும்.

கருகிய ஆயில்:
காசு இருந்தால் அதுதான் சுகம். ஆனால் அதன் டிவி கேபிளை (ஆக்ஸிலரேட்டர் மிதிப்பைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் கேபிள்) சரியாக வைக்காமல் ஓட்டினால் சீக்கிரமே கிளட்ச் எரிந்துவிடும். அவர் கேட்டதோ கன்வெர்ட்டர்.

மூணு டக்:
எதை வாங்கினாலும் மாட்டும்போது அவசரப்படாதீர்கள். உள்ளே ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, கியர்பாக்ஸில் வைத்துச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று இடத்தில் டக் டக்கென்று உட்காரும். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட் போட்டபின் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சின் பின்னால் சுற்றும் தகடு) அதற்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றால் அப்படியே முடுக்காதீர்கள், பம்ப் உடையும். எனக்கு உடைந்தது. மூன்றாவது டக் கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன்.

எழுபது செவெல்:
மூன்று வாரம் ஆச்சு. வேக்யூம் குழாயை மாற்றியதிலேயே டிரைவில் 650 நின்றது. அப்புறம் 2,400 என்று சொல்லி ஒரு கன்வெர்ட்டர் செய்து வாங்கினேன், கூலரும் போட்டாச்சு. இடைவெளி 4 மில்லிமீட்டர், மூன்று டக்கும் கேட்டது (என் மனைவியும் கேட்டாள், சாட்சி இருக்கிறது). இப்போது சிக்னலில் பிரேக் மேல் கால் சும்மா கிடக்கிறது. ஒரே சந்தேகம்: பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 1,900-இலேயே பின்சக்கரம் சுற்றுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கருகிய ஆயில்:
இல்லை. சக்கரம் சுற்றிவிட்டால் அது ஸ்டால் அளவே இல்லை, உங்கள் பின் பிரேக் தாங்கிய அளவு. காலியான இடத்தில் நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக மிதித்துப் பாருங்கள். டேக்கோ முள் துள்ளி எங்கே ஒரு கணம் நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுபது செவெல்:
2,350.