கேஎஃப்சியில் கஞ்சி விற்கிறார்களாமே, நிஜமா?

செட்டுக்கடைக்காரன்:
சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருபது வருடமாகத் தட்டுவடை செட் போடுகிறேன்: ரெண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும். தள்ளுவண்டிதான். சீனாவில் டாக்டருக்குப் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். நான் பீட்ரூட் துருவிக்கொண்டிருக்கும்போது, “மாமா, அங்கே கேஎஃப்சியில் காலையில் கஞ்சி குடிப்போம்” என்றான். கோழி வறுக்கிற கடையில் கஞ்சியா? கதை விடுகிறானா? நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் ஒரு வாரமாகச் சீஸ் செட் கேட்டு நச்சரிக்கிறார்கள். போடலாமா, வேண்டாமா?

கொலுசுப் பட்டறை:
அண்ணா, பையன் சொன்னது உண்மைதானுங்க. மெஷின் பார்க்க குவாங்சோ போனபோது நானே குடித்தேன். அரிசிக் கஞ்சியில் பதப்படுத்திய கறுப்பு முட்டையும் பன்றிக்கறியும் கிடந்தன. எனக்கு முட்டை வாடை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். தொட்டுக்கொள்ள யூத்தியாவ்: முழ நீளத்துக்குப் பொரித்த மாவு, உள்ளே காற்றுதான். கஞ்சியில் முக்கித் தின்கிறார்கள். அதை 2008இல் சேர்த்தார்களாம்.

1987இல் பெய்ஜிங்கில் முதல் கடை திறந்தபோது அமெரிக்கக் கோழியைப் பார்க்கவே கூட்டம் அம்மியது. வேடிக்கை எத்தனை நாளைக்கு? தைவானில் பிறந்த சாம் சூ என்பவர்தான் 2015 வரை சீனத் தொழிலை நடத்தினார். ஊர் நாக்கு தெரிந்த ஆள். பெய்ஜிங் வாத்துக்கு வைக்கிற மாதிரியே வெள்ளரியும் வெங்காயத்தாளும் இனிப்புச் சாஸும் வைத்துக் கோழியைச் சுருட்டிக் கொடுத்தார்கள். 2023 முடிவதற்குள் பத்தாயிரம் கடை தாண்டிவிட்டது.

ஏற்காடு காபி:
ரொம்பப் புகழாதீர்கள். மெக்சிகோ பாணிச் சாப்பாடு விற்கும் அமெரிக்கக் கம்பெனி டாகோ பெல் 2003இல் ஷாங்காயில் கடை போட்டு 2008இல் மூட்டை கட்டியது. ஸ்டார்பக்ஸ் 2000இல் பெய்ஜிங் பழைய அரண்மனைக்குள்ளேயே கடை வைத்தது. எதிர்ப்பு கிளம்பி 2007இல் வெளியேறியது. அதே ஸ்டார்பக்ஸ் நிலாத் திருவிழாவுக்கு மூன்கேக் விற்றால் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். காபித் தோட்டத்துக்காரன் எனக்கே இது புரியவில்லை.
சீஸ் போடுங்கள், ஆனால் சட்னியில் கை வைத்தால் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருவதை நிறுத்திவிடுவேன்.

செட்டுக்கடைக்காரன்:
நேற்றுப் பத்து செட் போட்டுப் பார்த்தேன். சீஸ் விழுந்ததும் காரம் அமுங்கிப்போகிறது. சட்னியை மாற்றவில்லை சார், பூண்டுக் காரத்தை மட்டும் இன்னொரு கரண்டி விட்டேன். ஒரு பையன் ரெண்டாவது செட் கேட்டான். கூட வந்த அவன் அம்மா, “எனக்குப் பழையதே கொடுங்க, அதுவும் நமத்துப்போறதுக்குள்ள” என்றார்.