எருமைக்கு .375 போதுமா, .416 தான் வேண்டுமா? அண்ணனின் ரைபிளுக்கு ரவை தெரிவு

ஹற்றன் மலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் டார்வினில் குடியிருக்கிறார். அங்கே முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று ஆறேழு வருடங்களாக வேட்டைக்குப் போகிறவர், இப்போது தமக்கென்று ஒரு ரைபிளைச் செய்யக் கொடுத்திருக்கிறார். மவுசர் 98 வகைப் போல்ட், வால்நட் மரப் பிடங்கு, 24 அங்குலக் குழல் ஆகியவை முடிவாகிவிட்டன. எந்த ரவைக்கு (தோட்டாவுக்கு) ஏற்பக் குழலின் பின்முனையில் அறை வெட்டுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. செய்பவர் இம்மாத இறுதிக்குள் பதில் கேட்கிறார்.

வேட்டை நீர் எருமைக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளையர் தங்கள் குடியிருப்புகளின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவந்து, பின்னர் கைவிட்டுச் சென்ற மாடுகள்தான் அவுஸ்திரேலியாவின் வட பிரதேசச் சதுப்பு நிலங்களில் இப்படிப் பெருகியிருக்கின்றன. நன்கு வளர்ந்த கடா 700 கிலோவைத் தாண்டும்.

என் விருப்பம் .416 ரிக்பி என்ற ரவை (.416, .375 என்பவை ரவையிலிருந்து பாயும் சன்னத்தின் விட்டம், அங்குலத்தில்). மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் .30-06 ரைபிளால் ஒரு கடாவைச் சுட்டார். அது விழாமல், தலையைக் கூடத் திருப்பாமல், ஆளுயரக் கோரைக்குள் நடந்து போய்விட்டது. இருட்டும் வரை இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை கண்டபோது அது உயிரோடு படுத்திருந்தது. அந்த இரவைப் பற்றி அண்ணன் இன்றும் என்னிடம் பேசுவார். அது இன்னொரு முறை நடக்கக் கூடாது என்பதற்காகவே பெரிய ரவை என்கிறேன். அண்ணனோ .375 ஹொலன்ட் அன் ஹொலன்ட் போதும் என்கிறார். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பண்டாரவளை லேத்:

தம்பி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். முதல் சன்னம் எங்கே பட்டது? அது தெரியாமல் ரவையைப் பற்றிப் பேசுவது, நோயைக் கேட்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது.

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஊதுபத்தி குத்திவைக்கும் பித்தளைக் கோது, அதாவது சுட்ட ரவையின் வெற்று உறை, ஒன்று இருக்கிறது. துரை பங்களாவில் வேலை பார்த்த என் தாத்தா கொண்டுவந்தது. பத்தியின் சாம்பலைத் தட்டிவிட்டு இன்று காலை வேனியர் வைத்து அளந்து பார்த்தேன்: நீளம் 72 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அடிவிளிம்பு 13.5 மில்லிமீற்றர், விளிம்புக்கு மேலே ஒரு வளையம். 1912இல் வெளிவந்த அதே .375 தான். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அதன் ரவை இன்றும் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் எருமைக்கும் யானைக்கும் சட்டம் குறைந்தபட்சமாக ஏற்கும் அளவும் அதுவே.

ஹற்றன் மலைவாசி:

ஐயா, மறைக்க ஒன்றுமில்லை. விசையை இழுத்த கணத்தில் கடா திரும்பியதாம். சன்னம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் வயிற்றில் பட்டிருக்கிறது.

பண்டாரவளை லேத்:

அப்படியானால் அங்கே .416 பட்டிருந்தாலும் அதே கோரை, அதே இரவுதான். ஈரப்புல் நிறைந்த இரைப்பை எந்தச் சன்னத்தையும் விழுங்கிவிடும். இருதயத்தையும் நுரையீரலையும் தொடாத துளை, அகலம் கூடியதால் மட்டும் கொல்லும் துளையாகிவிடாது.

பசறை ஓய்வுநிலை:

லேத் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாது. நான் முப்பது வருடங்கள் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவன். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் இறுகிக் கிடந்த விலங்குகளை அவிழ்க்கப் போய் நின்றிருக்கிறேன். 2020இல் நம் மலையகத்து நல்லதண்ணியில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது நம் எல்லோருக்கும் தெரியும். காயத்தோடு உயிர் வாழ்வது என்றால் என்ன என்பதை அருகில் நின்று பார்த்தவன் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

முதல் சூடு பக்கவாட்டில் நிற்கும் மாட்டின் தோளுக்குப் பின்னால் விழுமானால் .375 தாராளமாகப் போதும். அதில் எனக்கு மறுப்பில்லை. கேள்வி இரண்டாவது சூட்டைப் பற்றியது. காயப்பட்ட கடா உங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு ஓடும்போது, இடுப்பெலும்பை உடைத்து, நீங்கள் சொன்ன அதே ஈரப்புல்லைக் கடந்து, நெஞ்சுக்கூட்டை எட்ட வேண்டும். ரிக்பியின் மூல ரவை 410 கிறெயின் (சன்னத்தை நிறுக்கும் சிறு எடை அலகு) சன்னத்தை விநாடிக்கு 720 மீற்றர் வேகத்தில் செலுத்துகிறது. .375 செலுத்துவது 300 கிறெயின், 770 மீற்றர். வேகத்தில் உள்ள 50 மீற்றர் வித்தியாசத்தை, எடையில் உள்ள 110 கிறெயின் வித்தியாசம் விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று. 1911இல் ரிக்பி நிறுவனத்தார் இந்தக் கோதை வேண்டுமென்றே பெரிதாகச் செய்தார்கள். அதன் உச்ச அழுத்தம் ஐரோப்பிய நியமப்படி 3,250 பார்; .375க்கு 4,300 பார். டார்வின் வெயிலில் வாகனத்துக்குள் கிடந்து சூடேறிய ரவை, சுட்டபின் அறையில் ஒட்டிக்கொண்டு கழல மறுத்தால் ஆளின் உயிர் போகும். குறைந்த அழுத்தத்தில் கோது எளிதாக வெளியே வரும்.

பண்டாரவளை லேத்:

அழுத்தம் பற்றிய கருத்து சரியானது. அதற்கு மறுப்பு எழுத மாட்டேன். சுடும்போது துப்பாக்கி தோளில் இடிக்கும் உதைப்பைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை, ஆகையால் அதை நான் எழுதுகிறேன்.

இரண்டு ரவைகளையும் ஒரே 4.5 கிலோ ரைபிளில் வைத்துக் கணக்குப் போட்டேன். சன்னத்தின் எடையையும் வேகத்தையும் பெருக்கி, எரிந்து வெளியேறும் வெடிமருந்தின் பங்கையும் சேர்த்தால், .375 தோளுக்குத் தருவது ஏறத்தாழ 51 யூல், .416 ரிக்பி தருவது ஏறத்தாழ 82 யூல். அண்ணன் பழகிய .30-06, சாதாரண 3.6 கிலோ எடையில், 28 யூல் அளவில்தான் உதைக்கும். அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? சன்னத்தின் முகப்பரப்பு 71 சதுர மில்லிமீற்றரிலிருந்து 88 ஆகிறது. துளை கால் பங்குக்கும் குறைவாகவே பெரிதாகிறது. உதைப்போ 60 வீதம் கூடுகிறது. 28இலிருந்து ஒரே தாவலில் 82க்குப் போகும் மனிதர் விசையைத் தொடும்போது என்ன செய்வார் என்பதைப் பட்டாளத்தில் ஆயுதம் திருத்திய காலத்தில் நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கை குழலைக் கீழே தள்ளிவிடும்.

தலவாக்கலை வாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். .375இல் உள்ள அந்த வளையம் கோதுக்குப் பலம் சேர்ப்பதற்காகவா? நடுவழியாக .404 ஜெஃப்ரி இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

பண்டாரவளை லேத்:

பலத்துக்காக அல்ல, தம்பி. அந்தக் கோதின் தோள், அதாவது கழுத்தை நோக்கி ஒடுங்கும் பகுதி, மிகவும் சரிவானது. அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதைத் தோளால் உறுதியாக நிறுத்த முடியாததால், அந்த வேலையை வளையத்துக்குக் கொடுத்தார்கள். ரிக்பிக்கு நிமிர்ந்த தோள் இருப்பதால் வளையம் தேவைப்படவில்லை.

.404 நல்ல ரவை. 400 கிறெயின், விநாடிக்கு 650 மீற்றர் அளவு, உதைப்பும் தள்ளுவது போலத்தான் இருக்கும். ஆனால் அதன் சன்னம் 10.75 மில்லிமீற்றர் என்ற தனி அளவு, கடைகளில் .375 கிடைப்பது போலக் கிடைக்காது.

பசறை ஓய்வுநிலை:

உதைப்புக்கு மருந்து எடைதான். இதை நம் மலையிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஹோட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சிக்குத் தம் பெயரைக் கொடுத்தவர், பிரிஸ்டலில் செய்வித்துக் கொண்டுவந்த ரைபிள் 21 இறாத்தல் எடையுள்ளது. 3 அவுன்ஸ் உருண்டைக்கு 16 டிராம் கருமருந்து போட்டார். அவர் யானைகளைக் கொன்றதை நான் மெச்சவில்லை. அந்த வேட்டைகளின் கணக்கைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் கனமான சன்னம், அதைத் தாங்கும் கனமான துப்பாக்கி என்ற அவருடைய கணக்கு சரியானது. அண்ணனின் ரைபிளை 5 கிலோவாகச் செய்தால் உங்கள் 82 யூல் 74 ஆகிவிடும். அதற்கு மேலும் தேவையென்றால் மருந்தைக் குறைத்து நிரப்பி, ரிக்பியை .404இன் வேகத்துக்கு இறக்கலாம். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகச் சமைக்கலாம். சிறிய பாத்திரத்தில் நிறையச் சமைக்க முடியாது.

7 மில்லிமீற்றர் மவுசரால் யானைகளை வீழ்த்திய பெல் என்பவரை யாராவது இங்கே கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவர் யானையின் மூளை எங்கே இருக்கிறது என்பதைக் கை ரேகையைப் போல அறிந்தவர், தம்மைக் கவனிக்காத யானையைத் தெரிவு செய்து சுட்டவர். மாலை வெளிச்சத்தில் கோரைக்குள் நிற்கும் சாதாரண மனிதருக்கு அந்த உதாரணம் உதவாது.

பண்டாரவளை லேத்:

பெல்லைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பேக்கரின் 21 இறாத்தல் துப்பாக்கியைப் பொறுத்தவரை, வேட்டையில் அவருக்குத் துப்பாக்கி சுமக்க ஆட்கள் இருந்தார்கள். இவர் சதுப்பில் நாள் முழுவதும் தாமே சுமக்க வேண்டும். மருந்தைக் குறைத்து நிரப்புவதாக இருந்தால், 95 மில்லிமீற்றர் நீள ரவைக்கான பெரிய அக்ஷனுக்கும் (போல்ட் ஓடும் உடற்பகுதிக்கும்), 15 மில்லிமீற்றர் விளிம்புக்கு அகலப்படுத்திய போல்ட் முகத்துக்கும் எதற்காகக் காசு கொடுக்க வேண்டும்?

தம்பி, விவாதத்தை நாங்கள் எவ்வளவு வளர்த்தாலும் விடை அண்ணனின் தோளில்தான் இருக்கிறது. முடிவு சொல்வதற்கு முன் இரண்டையும் எங்காவது இரவல் வாங்கிச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேசையில் சாய்ந்து வேண்டாம். நின்றபடி, 50 மீற்றரில், சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கில் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். நண்பர் ஒருவர், அண்ணனுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலி ரவையையும் போட்டுவைக்கட்டும்.

ஹற்றன் மலைவாசி:

ஐயா சொன்னபடியே போன சனிக்கிழமை செய்தார்கள். அண்ணி கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். .375இல் பத்தில் ஒன்பது தட்டுக்குள் விழுந்தன. .416இல் முதல் நான்கும் தட்டின் நடுவிலேயே விழுந்தன. அதைப் பார்த்து நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். ஐந்தாவது போலி ரவை. விசை சொடுக்கிய சத்தம் மட்டும் கேட்கிறது, வெடி இல்லை, ஆனாலும் குழலின் நுனி ஒரு சாண் கீழே இறங்குகிறது, அண்ணனின் இரண்டு கண்களும் இறுக மூடியிருக்கின்றன. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்குப் பின் சுட்டவற்றில் இரண்டுதான் தட்டில் பட்டன. மற்றவை எல்லாம் இடப்பக்கம் கீழே போயின.

என் விருப்பத்தை விட்டுவிட்டேன். .375 என்று இன்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பசறை ஓய்வுநிலை:

அந்தப் படத்துக்கு எதிராக நான் வாதாட முடியாது, இந்த அண்ணனுக்கு .375 தான் சரி. ஆனால் இரண்டாவது சூட்டைப் பற்றிய என் பயம் அப்படியே இருக்கிறது, ஆகையால் இரண்டு காரியங்களை அவரிடம் சொல்லுங்கள். ரவைக்கூட்டில் மேலே இருப்பது விரியும் சன்னமாக இருக்கட்டும். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் விரியாத, தட்டை முகமுள்ள முழு உலோகச் சன்னங்களாக இருக்கட்டும். .375 ரவை 91 மில்லிமீற்றர் நீளம், .30-06ஐ விட 6 மில்லிமீற்றர் கூடியது. பழைய பழக்கத்தில் போல்ட்டை அரைகுறையாகப் பின்னிழுத்தால் வெற்றுக் கோது அறை வாயிலிலேயே நின்றுவிடும். ரைபிள் கைக்கு வந்ததும், முதல் மாதம் போலி ரவைகளை வைத்து, தோளிலிருந்து இறக்காமல் போல்ட்டை இறுதிவரை இழுத்துப் பழகச் சொல்லுங்கள்.