"அன்னைக்கு ராத்திரி போட்டது பார்த்தீங்களா?": ஈ.எம்.ஏ ஆய்வில் டேட்டா எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் அனுபவங்கள்

இராக்குருவி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வு ஆய்வு ஒன்றில் டேட்டா எடுக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம். வழக்கமான ஈ.எம்.ஏ (அன்றாட வாழ்க்கையின் நடுவிலேயே அவ்வப்போது கேட்டு மனநிலையைப் பதிவுசெய்யும் முறை) ஏற்பாடுதான்: போனில் ஆப், நாளைக்கு ஆறு பீப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடக் கேள்விகள். எல்லாம் முடிந்து ஒரு பங்கேற்பாளருடன் கடைசி நேர்காணல். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "அன்னைக்கு ராத்திரி கடைசி பீப்புக்கு எல்லாத்தையும் அடிமட்டத்துல போட்டேனே, பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பதில்கள் சர்வரில் கிடக்கும். வாரம் ஒருமுறை இறக்கி, எத்தனை பீப்புக்குப் பதில் வந்திருக்கிறது என்று மட்டும் எண்ணுவோம். திட்டமே அப்படித்தான். 'பதில்கள் உடனுக்குடன் கண்காணிக்கப்படமாட்டா' என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி இருந்தது, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் ராத்திரி நேரத்தில் போன் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டால், அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார் என்றுதானே தோன்றும்? நீங்கள் இதை எப்படிக் கையாண்டீர்கள்?

கட்டம்கட்டி:
எங்களிடம் எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியில் ஒரு அளவைத் தாண்டினால், பணியிலிருக்கும் உளவியலாளருக்கு மெசேஜ் போகும், அவர் கூப்பிடுவார். ஒருவர் முதல் அழைப்புக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' போடத் தொடங்கினார். காரணம் கேட்டேன். "உண்மையைப் போட்டா போன் அடிக்குது. நான் வேலையில இருக்கேன், எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க" என்றார். பொய்ப் பதில் வந்தால் டேட்டாவும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

பழையதாள்:
நான் பழகியது காகித டைரியில். சமர்ப்பிக்க வந்த ஒருவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பியதைக் கண்ணால் பார்த்தேன். நிதானமாக, யோசித்து யோசித்து நிரப்பினார். அதுதான் மறக்கவில்லை. 2002-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஸ்டோன் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்டது நினைவிருக்கும்: டைரி எப்போது திறக்கப்பட்டது என்று காட்டும் ஒளி உணரியை அதற்குள் மறைத்துவைத்துப் பார்த்ததில், 90 சதவீதம் நேரத்துக்கு எழுதியதாகக் காட்டிய டைரிகளில் உண்மையில் நேரத்துக்கு எழுதியது 11 சதவீதம். இராக்குருவி, அந்த ராத்திரிப் பதில் அந்த ராத்திரியே எழுதப்பட்டது என்றாவது உங்களுக்குத் தெரியும்.

ஏழாம்நாள்:
எங்கள் ஆய்வில் நாளைக்குப் பத்து பீப், ஏழு நாள். ஐபோன்காரர்கள் மட்டும் கடைசி நாள் பாதியில் மௌனம். சலிப்பு என்று எழுதிவைக்கப் போனார்கள். ஒரு அம்மா ஃபோன் செய்து, "பீப்பே வரலைங்க, நான் கையிலயே வெச்சிருக்கேன்" என்றார். ஒரு ஆப் முன்கூட்டியே அடுக்கிவைக்கும் அறிவிப்புகளில் ஐபோன் 64-ஐத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தை விட்டுவிடும். எங்களுடையது 70. பதில் வராததை ஆளின் குணமாகப் படிப்பதற்கு முன் போனைப் பாருங்கள்.

பதில்சொன்னவள்:
நான் கேள்விகளின் அந்தப் பக்கம் இருந்தவள். 'கடந்த பீப்புக்குப் பிறகு நடந்த முக்கியமான நிகழ்வு எவ்வளவு இனிமையானது?' என்ற கேள்வி வந்தபோது, வீட்டில் பெரிய சண்டை முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அளவுகோலை ஒரு ஓரத்துக்கு இழுத்தேன். கட்டம்கட்டி சொல்லும் 'பொய்ப் பதில்' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பங்கேற்பாளர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். எப்போது, எப்படிக் கூப்பிடலாம் என்று முன்பே கேட்டிருந்தால் உண்மையைப் போட்டிருப்பார்.

கட்டம்கட்டி:
சொல் தவறுதான், ஏற்கிறேன். ஆனால் ஆபத்து என்று தெரிந்த பிறகு வசதியான நேரம் பார்த்துக் காத்திருக்க முடியாது.

சராசரிக்கப்பால்:
நான் நேரில் டேட்டா எடுத்தது குறைவு, பகுப்பாய்வுதான் என் வேலை. ஒரு முறை அறிமுகக் கூட்டத்தில் உட்கார்ந்தபோது, ஒப்புதல் படிவத்தின் அந்த ஒரு வரியை எல்லோரும் புரட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். இராக்குருவி, அதை வாயால் சொல்லுங்கள், பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மனநிலை மிகத் தாழ்ந்த பதில் வந்தால், 'இதை இப்போது யாரும் படிக்கவில்லை, பேச வேண்டுமானால் இந்த எண்' என்று திரையிலேயே வரட்டும். தொடங்கும் முன் டேட்டா எடுப்பவர்கள் ஒரு வாரம் தாங்களே அந்த ஆப்பை வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கட்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரிச் சிக்கனம் ஆப்பை உறங்கவைக்கும், முதல் நாளே அதை அணைத்துக் கொடுங்கள். அப்புறம், டேட்டா வந்ததும் எல்லோருடைய சராசரியையும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவர் பதிலிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துப் பாருங்கள். எப்போதும் 3 போடுபவர் 2 போடுவது சாதாரணம். எப்போதும் 6 போடுபவர் 2 போட்டால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் பங்கேற்பாளர் கேட்டது அந்த மாதிரியான ஒரு ராத்திரியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கை ஆப்பே போட முடியும், வாரம் முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

இராக்குருவி:
திரை வாசகத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வாசகம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.