புதுப்பிப்பு: சங்குப்பிட்டி முதல் மன்னார் வரை சைக்கிளில்

யாழ்ப்பாணப் பக்கமிருந்து மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியால் கூடாரத்தோடு இரண்டு பேர் மன்னார் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், நானும் மனைவியும், மூன்று நாளில்.

வீதி நல்லது. தெற்கிலிருந்து எதிர்த்து வீசும் சோழகக் காற்றுத்தான் ஆளை வாட்டியது. 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலத்திலேயே சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. நாலரைக்கே எழும்பி, பத்து மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டோம். தெற்கே போகிறவர்கள் வடக்கிலிருந்து காற்று வீசும் வாடைக்காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மழை இருக்கும், ஆனால் காற்று முதுகில்.

வெள்ளாங்குளம் தாண்டி அவளுடைய பின் ரயரில் உடைமுள். ரியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பார்த்தால் மூன்று இடத்தில் குமிழி! வாளி தந்த அம்மா, "பிள்ளை, வெயிலுக்க நிக்காத" என்று அவளைத் திண்ணையில் இருத்தி மோர் கொடுத்தார். அந்த முகம் மறக்காது.

கூடாரத்தைக் கண்ட இடத்தில் அடிக்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் வன்னியில் இன்னும் உண்டு. நாங்கள் ஊராரிடம் கேட்டு, தேவாலய வளவில்தான் படுத்தோம்.

விடத்தல்தீவில் கண்டல் காட்டோரம் விடிந்தது. அங்கே இன்னொரு நாள் நின்றிருக்க வேண்டும்.